வாசலுக்கு வெளியே போன பிறகு

மார்கழியின் கடைசி நாள் விடிவதற்கு முன்பே சென்னைத் தெருக்களில் சிறுவர்களின் போகி மேளம் கேட்கத் தொடங்கிவிடும். வீட்டு வாசல்களில் தீ மூட்டப்படும். கிழிந்த பாயும் உடைந்த முறமும் தேய்ந்த துடைப்பமும் அதில் விழும். அதே நேரத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவிகள் மாநகராட்சியின் மண்டலங்கள்தோறும் காற்றை அளந்துகொண்டிருக்கும். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து கவிந்ததில், மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. வீட்டைத் துப்புரவாக்குவதற்கென்றே ஏற்பட்ட ஒரு நாள், ஊர்க்காற்றை ஆண்டிலேயே மிக மோசமாக்கும் நாள்களில் ஒன்றாகிவிட்டது.

இது எப்படி நேர்ந்தது என்று அறிய, பண்டிகை வரும் பருவத்தையும் பழைய வீடுகளில் இருந்த பொருள்களையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடித்துப் பெய்யும் மழையில் மண்சுவர் கரையும். கூரைக் கீற்று மக்கும். குதிரின் அடியில் ஈரம் ஏறும். பரணில் பூச்சி அடையும். மார்கழியில் மழை ஓய்கிறது. தை பிறந்தால் புது நெல் வீட்டுக்கு வரும். அதைக் கொட்டி வைக்க இடம் வேண்டும். மழைக்கும் அறுவடைக்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சில வாரங்களில்தான் வீட்டை ஒழிக்கவும் ஒட்டடை அடிக்கவும் சுவரைப் பூசவும் முடியும். பஞ்சாங்கத்தில் போகிக்குக் கிடைத்த இடம், உழவர் வீட்டு வேலைக் கணக்கோடு இப்படிக் கச்சிதமாகப் பொருந்திப் போகிறது.

அந்த வேலையில் மையமானது வெள்ளையடிப்பு. சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் போட்டால் அது கொதித்துத் தாழியே சூடாகும். ஆறிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, நார் மட்டையால் சுவரில் அடிப்பார்கள். அதன் கடுமையான காரத்தன்மை மழைக்காலத்துப் பூஞ்சையையும் சுவர் இடுக்கில் ஒதுங்கிய பூச்சிகளையும் அழித்துவிடும். பிறகு அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடியும் சுண்ணக்கல்லாக இறுகும். ஆண்டுக்கொரு முறை இதைச் செய்த வீடு, மருந்தடித்த வீட்டுக்குச் சமம். வெள்ளையடிக்க வேண்டுமானால் வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் வாசலுக்கு வந்தாக வேண்டும். வந்ததில் எது திரும்ப உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்கும் கட்டம் தானாகவே வந்துவிடும். இன்று புத்தகம் போட்டுக் கற்றுத்தரும் ஒழுங்குமுறைகள் பலவும் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: எல்லாவற்றையும் வெளியே எடு, பிறகு தேர்ந்தெடு.

கழித்தது என்ன ஆயிற்று? கோரைப் பாய், மூங்கில் முறம், தென்னந்துடைப்பம், சணல் சாக்கு, மக்கிய கீற்று, நைந்த பருத்தித் துணி என்று அன்றைய வீடு கழித்ததெல்லாம் செடியிலிருந்து வந்தவை. எரித்தால் சாம்பல் மிஞ்சும். சாம்பல் எருக்குழிக்குப் போகும். அங்கிருந்து வயலுக்குப் போகும். பூச்சி முட்டையும் பூஞ்சையும் தீயோடு முடிந்துவிடும். அந்தப் பொருள்களுக்கு அந்தத் தீ பொருத்தமாகவே இருந்தது.

பெயர்கள் இன்றும் அவைதான், பொருள்கள்தான் மாறிவிட்டன. பாய் பிளாஸ்டிக் இழையால் நெய்யப்படுகிறது. முறமும் துடைப்பமும் பிளாஸ்டிக். சாக்கும் பிளாஸ்டிக். பருத்தியென்று நினைத்து உடுத்தும் துணியிலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. மெத்தைக்குள் இலவம்பஞ்சு இருந்த இடத்தில் ஃபோம் இருக்கிறது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டயாக்சின்கள் வரும். டயர் எரிந்தால் அதிலுள்ள கந்தகம் வாயுவாகும், கரித்துகள் காற்றில் மிதக்கும். போதாததற்கு ஜனவரி மாத அதிகாலையில் தரையோரக் காற்று குளிர்ந்து கனமாகக் கிடக்கும். அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். புகை மேலே ஏற வழியில்லாமல் ஆள் மூக்கின் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. மிக நுண்ணிய துகள்களுக்கு இந்தியா வகுத்திருக்கும் 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ வெறும் 15. குழந்தைக்கு இழுப்பு இருக்கும் வீட்டில் இந்த எண்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எரிப்பதுதான் போகி என்பது தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கும் அல்ல. கொங்குப் பகுதியில் அந்த நாள் காப்புக் கட்டும் நாள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரையிலும் தொழுவத்திலும் தோட்டத்திலும் செருகுவார்கள். அங்கேயும் வீடு கழுவப்படுகிறது, வேண்டாதது வெளியேறுகிறது; தீ மட்டும் முக்கியமில்லை. நெருப்பை விட்டுவிட்டால் போகியே போய்விடும் என்று அஞ்சுவோர் ஈரோட்டையும் கோயம்புத்தூரையும் ஒருமுறை பார்க்கலாம்.

சட்டம் தன் பங்கைச் செய்துதான் இருக்கிறது. திறந்த வெளியில் குப்பையை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சிறு அளவில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் விதித்தது. ஆனால் போகி விடிகாலையில் எந்த அதிகாரியும் ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க முடியாது.

காரணம் மறைந்த பிறகும் கழிக்கும் பழக்கம் மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே போகித் தீயைவிடப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. பனையோலை நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளே தாங்கும். செல்லரிக்கும், ஓரம் முறியும், துளை பெருகும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவிட்டு, பழையதை மரியாதையாக ஆற்றிலோ தீயிலோ சேர்ப்பது முறையாக இருந்தது. ஆடிப் பதினெட்டில் ஆற்று வெள்ளத்தில் ஏடுகளை விட்டதும் இப்படித்தான். படியெடுத்தவருக்குப் பழைய ஏடு தேவையில்லை; நூல் பிழைத்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் படியெடுப்போர் அருகிப் போனார்கள். திண்ணைப் பள்ளி தேய்ந்தது, அச்சுப் புத்தகம் வந்தது, ஏடு வாசிக்கத் தெரிந்த தலைமுறை மறைந்தது. ஆனால் பழைய ஏட்டைக் கழிக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. சீவக சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய சுவடிகள் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார். அவை நெய்யில் தோய்க்கப்பட்டு ஹோமத் தீயில் இடப்பட்டுவிட்டன என்றும், சாத்திரத்தில் சொல்லியபடியே அது செய்யப்பட்டது என்றும் அவருக்குச் சொன்னார்கள். இதைத் தம் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் ஆற்றாமையோடு பதிந்திருக்கிறார். அந்தத் தீயில் போன நூல்கள் எவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த, படிக்க ஆளில்லாத பழைய பொருளை, தாங்கள் அறிந்த முறைப்படி ஒழித்தார்கள். படியெடுத்தல் என்ற பாதி விட்டுப்போய், கழித்தல் என்ற பாதி மட்டும் அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு வாழ்க்கையும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தொழிலால் பெயர்ப்பலகை எழுதுபவர். பிறர் வேண்டாமென்று கழித்த அச்சுத்தாளை அவர் வாங்கிச் சேர்த்தார். புத்தகம், வார இதழ், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று எதையும் அற்பமென்று ஒதுக்கவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது அந்தச் சேமிப்பில் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றையோ நாடக வரலாற்றையோ எழுதப் புகுபவர் அந்த நூலகத்தின் படியை மிதிக்காமல் எழுத முடிவதில்லை. நாடகம் முடிந்த மறுநாளே நோட்டீசு குப்பைதான். ஆனால் அந்த நாடகம் எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் நடிக்க நடந்தது என்று எண்பது ஆண்டு கழித்துச் சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் எதையும் கழிக்காமல் வைத்துக்கொள்வதா? அதுவும் வழியல்ல. பொருள் மிகுந்த வீடு மனிதரை வருத்துகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுத்தரக் குடும்பங்கள் 32ஐ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு வீடுகளின் கார் கொட்டகையில் கார் நிறுத்தவே இடமில்லை; அவ்வளவும் சாமான். அதே ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெப்பெட்டியும் 2010இல் வெளியிட்ட கட்டுரை இன்னொன்றைக் காட்டியது. தம் வீட்டைப் பற்றிப் பேசும்போது அடைசல், முடியாத வேலை என்று மிகுதியாகச் சொன்ன பெண்களுக்கு, கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு பகல் போகப் போக இயல்பாகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. அவர்களுடைய கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே குவியல். அதன் சுமை மட்டும் ஒருவர் தலையில். போகிக்கு முன் இரண்டு வாரம் நம் வீடுகளில் யார் ஏணி மேல் நிற்கிறார், யார் பரணைக் காலி செய்கிறார் என்று பார்த்தால் இந்த முடிவு வியப்பளிக்காது.

கழிக்க ஏன் மனம் வருவதில்லை என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களில் பாதிப்பேருக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் இரு மடங்கு. கைக்கு வந்து சில நிமிடமே ஆன கோப்பைக்கே இந்த மதிப்பென்றால், இருபது வருடமாகப் பரணில் கிடக்கும் சீர்வரிசை அண்டாவை என்ன சொல்வது! ஆனால் ஒரு நாள் குறித்துவிட்டால் மனம் சற்று இளகும். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014இல் காட்டியபடி, புத்தாண்டு, மாதப் பிறப்பு, வாரத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற எல்லைக் கற்களைத் தாண்டும்போது மக்கள் புது முயற்சிகளில் கூடுதலாக இறங்குகிறார்கள். பழைய நான் அந்தப் பக்கம், புதிய நான் இந்தப் பக்கம் என்று மனம் கோடு கிழித்துக்கொள்கிறது. ஜப்பானியர் டிசம்பர் இறுதியில் செய்யும் ‘ஓசோஜி’ எனும் பெருந்துப்புரவும், ஈரானியர் நவ்ரூஸுக்கு முன் செய்யும் வீட்டுச் சுத்தமும், நம் போகியும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கின்றன.

(எதையுமே கழிக்க முடியாமல், சமையலறையிலும் படுக்கையிலும் கூடப் புழங்க இடமின்றிப் போனால் அது சோம்பல் அல்ல, நோய். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 முதல் அதைத் தனி நோயாக வகைப்படுத்தியிருக்கிறது. அப்படிப்பட்டவரின் பொருள்களை அவர் இல்லாத நேரத்தில் அள்ளி வெளியே போடுவது அவரை இன்னும் நொறுக்கும். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உதவி.)

2019 ஜனவரி முதல் நாள், வீட்டை ஒழிக்கக் கற்றுத்தரும் மரி கோண்டோவின் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வெளியானபோது அமெரிக்கா முழுவதும் அலமாரிகள் காலியாயின. பழைய பொருள் வாங்கி விற்கும் அறக்கடைகளின் வாசலில் மூட்டைகள் குவிந்தன. அப்படிக் கொடுக்கப்படும் துணியில் ஒரு பகுதி கப்பலேறி கானாவின் அக்ரா நகரிலுள்ள கன்டமன்டோ சந்தை வரை போகிறது. விலைபோகாதது அந்நாட்டுச் சாக்கடையிலும் கடற்கரையிலும் சேர்கிறது. ஒரு வீடு இலேசாவதும் பூமி இலேசாவதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில்தான் பழைய தமிழ்த் தெருவின் அறிவு நினைவுக்கு வர வேண்டும். பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர், கிழிந்த துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர், ஜரிகைக்காகப் பழைய பட்டுப்புடவை கேட்டு வந்தவர், தெருக்கோடிக் காயலான் கடைக்காரர்: இவர்கள் எல்லாருமே ஒரு வீட்டில் முடிந்த பொருளை இன்னொரு தொழிலுக்குக் கச்சாப் பொருளாக்கியவர்கள். செட்டிநாட்டு வீடுகள் இடிந்தபோது கழிந்த தேக்குத் தூணும் பீங்கான் ஜாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தன. அப்படி இடிபடவிருந்த செட்டிநாட்டு வீடொன்று முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மறுபடியும் எழுப்பப்பட்டு நிற்கிறது.

அந்த வியாபாரிகள் இன்றும் வருகிறார்கள். பேப்பர், இரும்பு, பாட்டில், அட்டைப்பெட்டி வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் தொடாத பொருள்கள் ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டே வருகின்றன. ஃபோம் மெத்தை, மரத்தூளைப் பசையில் ஒட்டிச் செய்த அலமாரி, ரெக்சின் சோபா, கலப்பு நூல் துணி இவற்றைப் பிரித்தெடுக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. பித்தளைக் குடம் நூறு ஆண்டு கழித்தும் எடைக்கு விலை பெறும். ஒட்டுப்பலகை அலமாரி ஒரு மழையில் ஊறினால் சுமைக்கூலி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். வீட்டை ஒழிப்பதில் உண்மையான முடிவு எடுக்கப்படுவது வாங்கும் நாளில். கடையில் நிற்கும்போதே இதைப் பின்னால் யார் வாங்குவார் என்று கேட்டுக்கொள்பவரின் வீட்டில் பரண் அதிகம் நிரம்பாது.

வீட்டு வேலைக்கு வருபவரிடம் தள்ளிவிடுவதைப் பலர் தானம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஓடாத மிக்ஸியையும் கறை படிந்த மெத்தையையும் அவர் வாங்கிக்கொள்வது மறுக்க முடியாமல். கொடுத்தவர் வீட்டைவிடச் சிறிய அவருடைய வீட்டில் அது அடைசலாகும். நன்றாக இருப்பதை, அவருக்கு வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்தால்தான் அது கொடை.

மொட்டை மாடிக்கு மூட்டையாக ஏற்றிவிடுவது இன்னொரு தப்பித்தல். பழைய டயர், உடைந்த பக்கெட், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் மழைநீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். அதன் முட்டை காய்ந்த பரப்பிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்; தண்ணீர் பட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும்.

குப்பைத் தொட்டியில் போட்டால் தீர்ந்ததா என்றால், சென்னையின் தென்பகுதிக் குப்பை போன இடத்தைப் பார்க்க வேண்டும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கி வளர்ந்தது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அதே சதுப்பு நிலம் அது. பிறகு பெருஞ்செலவில் அந்தக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டி வந்தது. வீட்டு வாசலில் இரண்டு நிமிடத்தில் பிரித்திருக்கக்கூடியது அது.

ஆகவே வீட்டை ஒழிப்பவர்கள் போகிக்கு முந்தின இரவு தொடங்க வேண்டாம். மார்கழி பிறந்ததும் ஒரு வாரத்துக்கு ஓர் அறை என்று தொடங்கலாம். அவசரம் இருக்கும் வீட்டில்தான் எல்லாம் தீக்குப் போகிறது. உலோகமும் காகிதமும் காயலான் கடைக்குப் போகட்டும். பழைய கைப்பேசியும் பேட்டரியும் குழல் விளக்கும் காலாவதி மருந்தும் தனியே பிரிந்து தூய்மைப் பணியாளர் கைக்கு வரட்டும். சாக்கடையிலோ அடுப்பிலோ வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் பழைய துணி, பாய், டயர், மெத்தையை எரிக்காமல் மாநகராட்சியிடம் ஒப்படைக்கலாம். போகியை ஒட்டி ஆண்டுதோறும் இதற்கென்றே தனியாகச் சேகரிப்பு நடக்கிறது. விவரம் கேட்க 1913 எண் இருக்கிறது. பெட்டியின் அடியில் தாத்தா காலத்து ஏடோ, கணக்குப் புத்தகமோ, கடிதக் கட்டோ, பெயர் தெரியாத பழைய பத்திரிகையோ கிடைத்தால், படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் ரோஜா முத்தையா நூலகமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் இருக்கின்றன. அங்கே படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.